பால் சங்க வலைச்செயலியில் லாட்டி அனிமேஷன்: ரியாக்ட், எம்யூஐ. எந்த ப்ளேயர், எப்படிச் சேர்ப்பது?

1. மீன்கரை (சித்தூர் தாலுகா, பாலக்காடு)

எல்லாருக்கும் வணக்கமுங்க. கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி பக்கத்துப் பால் சங்கங்களுக்கு ஒரு வலைச்செயலி. காலையும் சாயங்காலமும் லிட்டர், கொழுப்பு, எஸ்என்எஃப் (கொழுப்பில்லாத திடப்பொருள்) பதிவு. அப்புறம் பட்டுவாடாக் கணக்கு. ரியாக்ட் 18, வீட் (பில்ட் கருவி), டைப்ஸ்கிரிப்ட், எம்யூஐ 6 (பொத்தான், பெட்டி மாதிரி ஆயத்த உறுப்புகளோட தொகுப்பு). மொழி தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூணும் உண்டு. ஓடுறது பெரும்பாலும் 2, 3 ஜிபி ரேம் ஆண்ட்ராய்டு போன்ல. மலையடிவாரத்துல சிக்னல் எப்படின்னு உங்களுக்கே தெரியும்.

வடிவமைப்பாளர் மூணு லாட்டி ஜேசன் (அசைபடத்தை எழுத்துக் குறிப்பா வெச்சிருக்கற கோப்பு) குடுத்திருக்காருங்க. பதிவு எதுவும் இல்லாதப்ப காட்டுற வெற்றுத்திரைப் படம் 38 கேபி, பதிவு சேமிச்சதும் வர்ற டிக் 12 கேபி, சர்வரோட ஒத்திசைக்கும்போது சுத்திட்டே இருக்கறது 610 கேபி.

கேள்விங்க இதுதான்:
அதை உலாவியில ஓட்ட எந்த ப்ளேயர் நூலகம் எடுக்கறது? எம்யூஐ பாக்ஸ், டயலாக் இதுக்குள்ள எப்படி ஒழுங்கா உக்கார வைக்கறது? தீம் நிறம் மாறுனா படத்தோட நிறமும் மாறணும், ஆகுமா? டிக் படத்துல "சேமித்தாயிற்று"ன்னு எழுத்து ஓடுது, அது உலாவியில கண்டபடி சிதறித் தெரியுது, ஏன்?

2. நகரித்தறி (நகரி, சித்தூர் மாவட்டம்)

ப்ளேயர்ல இருந்து ஆரம்பிக்கலாம். கையில மூணு வழி இருக்கு.

லாட்டி-வெப் முழு வடிவம்: எஸ்விஜி, கேன்வாஸ், ஹெச்டிஎம்எல் மூணு ரெண்டரரும் (படத்தை வரையற பகுதி) உள்ள இருக்கும், எக்ஸ்பிரஷனும் (படத்துக்குள்ள அசைவைக் கணக்குப் போடற குட்டி நிரல்) ஓடும். சுருக்கின கோப்பே சுமார் 300 கேபி. ஜிசிப் ஆனா நாலுல ஒரு பங்கு வரும்.

லாட்டி-லைட்: அதே நூலகத்துல பில்ட் கோப்புறைக்குள்ள இருக்கற இன்னொரு கோப்பு. எஸ்விஜி ரெண்டரர் மட்டும், எக்ஸ்பிரஷன் கிடையாது. எடை ஏறத்தாழ பாதி.

டாட்லாட்டி-வெப்: தார்விஜி எஞ்சினை வெப்அசெம்ப்ளியா மாத்தினது. கேன்வாஸ்ல வரையும். நிறைய உருவம் ஒரே நேரத்துல நகர்ற கனமான படத்துக்கு நல்லா இருக்கும். ஆனா வெப்அசெம்ப்ளி கோப்பு தனியா இறங்கணும், அதுவும் நாம மாத்திச் சொல்லாத வரைக்கும் வெளி சிடிஎன்ல (கோப்பு வழங்கற பொதுச் சர்வர்) இருந்து வரும். உள்ளூர் நெட்ல சிடிஎன் எட்டலன்னா படம் வெறுமையா நிக்கும். எடுத்தா 'செட்வாஸ்ம்யூஆர்எல்' வெச்சு கோப்பை நம்ம சர்வர்லயே போட்டுக்கணும்.

உங்க மூணு படத்துக்கு லைட் போதும். எடை மட்டும் காரணமில்ல. முழு வடிவம் எக்ஸ்பிரஷனை ஓட்ட ஜாவாஸ்கிரிப்ட் இவால் கூப்பிடுது. சிஎஸ்பி (பக்கத்துல எது ஓடலாம்னு சர்வர் சொல்ற விதி) தலைப்புல 'அன்சேஃப்-இவால்' அனுமதிக்கலன்னா எக்ஸ்பிரஷன் இருக்கற படம் அங்கயே நின்னுடும். ஒரு அனிமேஷனுக்காக அந்த அனுமதியைத் திறந்து விடறது சரியில்ல, அதுவும் பணக்கணக்கு இருக்கற செயலியில. லைட்ல அந்தப் பேச்சே இல்ல.

இன்னொண்ணு. ரியாக்டுக்குன்னு உறை நூலகங்கள் நிறைய கிடைக்குது. நாற்பது வரியில நீங்களே எழுதிக்கற சமாச்சாரத்துக்கு இன்னொரு பொட்டலம் வேணுமான்னு ஒரு தடவை யோசிங்க. 2024 அக்டோபர் 30-ஆம் தேதி லாட்டிஃபைல்ஸோட லாட்டி-ப்ளேயர் பொட்டலத்துல 2.0.5, 2.0.6, 2.0.7 மூணு பதிப்புலயும் கெட்ட நிரல் நுழைஞ்சு, பக்கம் பாக்கறவங்க கிட்ட கிரிப்டோ வாலட்டை இணைக்கச் சொல்லி பெட்டி காட்டிச்சு. 2.0.8 வந்துதான் சரியாச்சு. சிடிஎன் முகவரியில 'லேட்டஸ்ட்'னு போட்டிருந்த தளங்களுக்கு அது தானா வந்து இறங்கிடுச்சு. பதிப்பு எண்ணைப் பூட்டி வெச்சவங்களுக்கு ஒண்ணும் ஆகல. எந்த ப்ளேயர் எடுத்தாலும் எண் பூட்டுங்க, லாக் கோப்பை கிட்ல ஏத்துங்க, பில்டுக்கு 'என்பிஎம் சிஐ' போடுங்க.

610 கேபி பத்தி குமுளிக்காரர் வந்து பேசுவார்.

3. ஆரியங்காவு (செங்கோட்டைக்கு அந்தப் பக்கம்)

கூறு (ரியாக்ட் காம்போனென்ட்) எழுதுற முறையச் சொல்லுதேன், அப்படியே செஞ்சுக்கிடுங்க. பேரு 'அசைபடம்'னு வச்சுக்கிடுவோம்.

வெளிய ஒரு எம்யூஐ பாக்ஸ். எஸ்எக்ஸ்ல (எம்யூஐ உறுப்புக்கு ஸ்டைல் எழுதுற பண்பு) அகலம் 100 சதவீதம், அதிகபட்ச அகலம் 240, ஆஸ்பெக்ட் ரேஷியோ கட்டாயம். விகிதம் எங்க இருந்து எடுக்கன்னா, ஜேசனோட மேல்மட்டத்துல டபிள்யூ, ஹெச்னு ரெண்டு எண் இருக்கும், அதான். இது போடலைன்னா படம் வர்றதுக்கு முந்தி பாக்ஸ் உயரம் பூஜ்யம், வந்த பொறவு கீழ இருக்க பொத்தான் எல்லாம் குதிக்கும். பால் ஊத்த வரிசை நிக்கையில 'சேமி'ன்னு நினைச்சு 'அழி'யில விரல் விழுந்துரும்.

அந்த பாக்ஸுக்கு ஒரு ரெஃப் (உறுப்பைப் பிடிச்சு வைக்கக் கைப்பிடி). யூஸ்எஃபெக்டுக்குள்ள (கூறு திரையில ஏறுனதும் ஓடுற இடம்) லாட்டி-லைட்ட டைனமிக் இம்போர்ட் பண்ணுங்க. மேல நேரா இம்போர்ட் பண்ணா ப்ளேயர் முதல் பண்டில்ல (தொடக்கத்துலயே இறங்குற நிரல் மூட்டை) போயி ஒக்காந்துக்கிடும். வந்ததும் லோட்அனிமேஷன் கூப்பிட்டு கன்டெய்னர், ரெண்டரர் எஸ்விஜி, லூப், ஆட்டோப்ளே, பாத் இந்த அஞ்சயும் குடுங்க. எஃபெக்ட்ல இருந்து திரும்புற கிளீனப்ல (கூறு இறங்கும்போது ஓடுறது) டெஸ்ட்ராய்.

ஜேசனையும் இம்போர்ட் பண்ணி 'அனிமேஷன்டேட்டா'ன்னு பொருளாக் குடுக்கலாம். ஆனா லாட்டி-வெப் அந்தப் பொருளைத் தன் வசதிக்கு உள்ளுக்குள்ள மாத்திப்போடும். ஒரே பொருளை ரெண்டு இடத்துல குடுத்தா ரெண்டாவது படம் கோணும். அப்படிக் குடுக்கணும்னா ஸ்ட்ரக்சர்ட்குளோன் போட்டு நகல் எடுத்துக் குடுங்க. சின்ன படமோ பெரிய படமோ, முகவரி குடுத்து பாத்ல ஏத்துறதுதான் எனக்குப் பிடிக்கும்.

எஃபெக்டோட சார்புப் பட்டியல்ல முகவரியும் லூப்பும் மட்டும் இருக்கட்டும். 'முடிந்ததும்'னு ஒரு ஃபங்ஷனத் தாய்க்கூறு அனுப்பும்லா, அது ஒவ்வொரு ரெண்டருக்கும் புதுசாப் பொறக்கும். பட்டியல்ல சேத்தா படம் நிமிஷத்துக்கு நாலு தரம் முதல்ல இருந்து ஓடும். அதை ஒரு ரெஃப்ல போட்டு வச்சு அங்க இருந்து கூப்பிடுங்க. ரெண்டரர் அமைப்புப் பொருளையும் கூறுக்கு வெளியவே நிலையா எழுதிருங்க.

4. மீன்கரை

ரொம்ப நன்றிங்க. சொன்ன மாதிரியே எழுதியாச்சு. ரெண்டு இடத்துல இடிக்குது.

டெவலப்மென்ட்ல ஒரே பாக்ஸுக்குள்ள ரெண்டு எஸ்விஜி ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா நிக்குதுங்க. டெஸ்ட்ராய் கிளீனப்ல இருக்குது, இருந்தும்.

ரெண்டாவது, டிக் படம் டயலாக்ல வரணும். பக்கக் கூறுலயே ரெஃப், எஃபெக்ட் வெச்சு, ரெஃபை டயலாக் உள்ள இருக்கற பாக்ஸுக்குக் குடுத்திருக்குது. டயலாக் திறக்குது, படம் இல்ல. கன்சோல்ல பிழையும் இல்ல.

5. ஆரியங்காவு

முதல் விஷயம்: ஸ்ட்ரிக்ட்மோட். ரியாக்ட் 18 டெவலப்மென்ட்ல கூறை ஏத்தி, இறக்கி, மறுபடி ஏத்தும். வரிசையப் பாருங்க. முதல் எஃபெக்ட் இம்போர்ட்டத் தொடங்குது, அது இன்னும் வந்து சேரலை. அதுக்குள்ள கிளீனப் ஓடுது. அப்ப அனிமேஷன் மாறி காலியா இருக்கு, டெஸ்ட்ராய் பண்ண ஒண்ணுமே இல்ல. ரெண்டாவது எஃபெக்ட் இன்னொரு இம்போர்ட்டத் தொடங்குது. பொறவு ரெண்டு இம்போர்ட்டும் வந்து, ஆளுக்கொரு எஸ்விஜி வரஞ்சு வச்சிட்டுப் போயிருது.

எஃபெக்ட் தொடக்கத்துல 'உயிரோடு = உண்மை'ன்னு ஒரு மாறி போடுங்க. கிளீனப்ல பொய்யாக்கிட்டு, அனிமேஷன் இருந்தா டெஸ்ட்ராய். இம்போர்ட் முடிஞ்ச இடத்துல முதல் வரியே 'உயிரோடு இல்லைன்னா திரும்பிப் போ'. இது டெவலப்மென்ட் தொல்லை மட்டும்னு ஸ்ட்ரிக்ட்மோட அணைச்சிப் போட்டுராதீங்க. மெதுவான நெட்ல ஒருத்தர் பக்கத்தத் திறந்து டக்குனு பின்னால போனா, நிஜத்துலயும் இதே கூத்துதான்: யாரும் பாக்காத படம் நினைவகத்துல ஓடிக்கிட்டே கெடக்கும்.

ரெண்டாவது: டயலாக் மூடி இருக்கையில அதோட உள்ளடக்கம் டாம்லயே (உலாவி வச்சிருக்க பக்க மரம்) கிடையாது. திறக்கும்போது போர்ட்டல் வழியா, பக்க மரத்துக்கு வெளிய பாடியோட கடைசியில போயி ஒட்டும். உங்க எஃபெக்ட் பக்கம் ஏறுனதும் ஒரு தரம் ஓடுச்சு. அப்ப ரெஃப் வெறுமை. அத்தோட முடிஞ்சு போச்சு. ரெஃபும் எஃபெக்டும் 'அசைபடம்' கூறுக்குள்ளயே இருக்கணும், அந்தக் கூறு டயலாக்கன்டென்டுக்கு உள்ள இருக்கணும். டயலாக் திறக்கும்போது கூறு பொறக்கும், மூடும்போது சாகும், டெஸ்ட்ராயும் தானா நடக்கும். 'கீப்மவுன்டட்' (மூடுனாலும் உள்ளடக்கத்த டாம்லயே வச்சிருக்கது) போட்டு ரெஃபைக் காப்பாத்தலாம்னு சிலர் சொல்லுவாவ. போட்டா மூடியிருக்க டயலாக்ல படம் ஓடி முடிஞ்சிரும். திறந்து பாக்கையில கடைசி ஃபிரேம்தான் நிக்கும்.

தாவல்ல வச்சா இன்னொரு சங்கதி. டிஸ்ப்ளே நன் போட்டு மறைச்ச தாவலுக்குள்ள கேன்வாஸ் ரெண்டரர் ஏத்துனா அகலம் பூஜ்யம்னு அளந்துக்கிடும், தாவலத் திறந்தாலும் வெறுமைதான்; ரீசைஸ் கூப்பிடணும். எஸ்விஜியில இந்தத் தொந்தரவு இல்ல.

6. குமுளி_ஏலம் (குமுளி)

அந்த 610 கேபி கோப்பை எடிட்டர்ல தொறந்து 'பேஸ்64'ங்கிற சொல்லைத் தேடுங்க. அசெட்ஸ் பகுதியில பிஎன்ஜி படம் எழுத்தா மாறி உக்காந்திருந்தா காரணம் அதான். வெக்டார்னு நெனச்சு வாங்கினது பாதி பிட்மேப். பேஸ்64 ஆக்கினா அசல் படத்தை விட மூணுல ஒரு பங்கு கூடும், அது தனி.

அடுத்து லேயர்கள்ல டி-ஒய்ங்கிற எண்ணைப் பாருங்க. 4 வடிவ லேயர், 2 படம், 5 எழுத்து, 0 ப்ரீகாம்ப், 3 நல். 2 இருக்கக் கூடாது. எப்படி வந்துச்சுன்னா, இல்லஸ்ட்ரேட்டர் கோப்பை ஆஃப்டர் எஃபெக்ட்ஸ்ல இழுத்துப் போட்டு அப்படியே அனிமேட் பண்ணி ஏத்துமதி பண்ணியிருப்பாங்க. அந்த லேயர்ல வலது சொடுக்கு, கிரியேட், 'வெக்டார் லேயரிலிருந்து வடிவங்கள்' எடுத்துட்டு, பழைய லேயரை அழிச்சிட்டுப் பாடிமூவின்ல (லாட்டியா ஏத்துமதி பண்ற செருகி) ஏத்தணும். நிழல், ஒளிவட்டம் மாதிரி லேயர் ஸ்டைல் வந்து சேராது. நிழல் வேணும்னா மங்கலான ஒரு நீள்வட்டம் வரையச் சொல்லுங்க, போதும்.

பிட்மேப் இல்லாமலே கோப்பு கனமா இருந்தா, கீஃப்ரேமை (இந்த நேரத்துல இந்த நிலைன்னு சொல்ற குறி) பாருங்க. விக்கிள் மாதிரி எக்ஸ்பிரஷனைக் கீஃப்ரேமாச் சுட்டு எடுத்திருந்தா ஃபிரேமுக்கு ஒரு கீ இருக்கும். பாதையோட புள்ளிகளே ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறினா, ஒவ்வொரு கீயிலயும் எல்லாப் புள்ளியோட எக்ஸ், ஒய், ரெண்டு கைப்பிடி முழுசா எழுதப்படும். பால் கேன் ஆடணும்னா பாதையை மாத்த வேணாம், லேயரைச் சுழட்டினாப் போதும். ரெண்டு மூணு கீயில முடியும். தசமத்துக்குப் பின்னாடி ஆறேழு இலக்கம் எழுதியிருந்தா மூணுக்கு வெட்டுங்க, 240 பிக்சல் படத்துல கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

மாஸ்க், மேட் (ஒரு வடிவத்தால இன்னொண்ணை மறைக்கறது) எண்ணிக்கையைக் கொறைக்கச் சொல்லுங்க. கோப்பு எடை கம்மியா இருந்தாலும், பழைய போன்ல படம் திக்குறதுக்குப் பெரும்பாலும் இதுங்கதான் காரணம்.

ஃபிரேம் வேகம் பத்தி ஒரு தப்பெண்ணம் உண்டு. 24 ஃபிரேம்னு ஏத்துமதி பண்ணினா போன்ல 24 தடவைதான் வரையும்னு இல்ல. லாட்டி-வெப் நடுவுல இருக்கறதைக் கணக்குப் போட்டுத் திரை வேகத்துக்கே, அதாவது நொடிக்கு 60 தடவையோ அதுக்கு மேலயோ வரையும். செட்சப்ஃபிரேமைப் பொய்யாக்கினாத்தான் கோப்போட வேகத்துக்கு எறங்கும். சுத்திக்கிட்டே இருக்கற ஒத்திசைவுப் படத்துக்கு இதைக் கட்டாயம் போடுங்க, பேட்டரி மிச்சம்.

இப்ப எழுத்து. தமிழை எழுத்து லேயரா வெச்சா சிதறும், அதுல ஆச்சரியமே இல்ல. ப்ளேயர் எழுத்து ஒவ்வொண்ணையும் தனியா எடுத்துத் தனி இடத்துல வெக்குது. 'சே'ங்கிறது யூனிகோட்ல சகரம், அப்புறம் ஏகாரக் குறி. சேர்ந்து இருந்தாத்தான் எழுத்துரு கொம்பை முன்னாடி கொண்டுவந்து வெக்கும். பிரிச்சு அடுக்கினா சகரம் ஒரு பக்கம், புள்ளி வட்டத்தோட கொம்பு ஒரு பக்கம். 'தொ' இன்னும் மோசம், ஒரே குறி ரெண்டு பக்கமும் பிரியணும். மலையாளக் கூட்டெழுத்துக்கும் தெலுங்கு ஒத்துக்கும் இதே கதிதான்.

எழுத்தை வடிவமா மாத்தி ஏத்துமதி பண்ணினா சரியாத் தெரியும். ஆனா மொழிக்கு ஒரு கோப்பு ஆயிடும், திரைவாசிப்பானுக்கும் அது எழுத்தா எட்டாது. எழுத்தைப் படத்துல இருந்து எடுத்துட்டு, கீழ எம்யூஐ டைப்போகிராஃபியில போடுங்க. எழுத்து மெல்ல வரணும்னா அதைச் சுத்தி ஃபேட் போட்டாச்சு. மொழிபெயர்ப்புக் கோப்புல இருந்தே வார்த்தை வரும், மூணு மொழிக்கும் ஒரே படம்.

7. கோபாலபுரம்_சோதனைச்சாவடி

குறுக்க பேசறேன்னு நெனைக்காதீங்க. ஒரு டிக் குறிக்கு லாட்டி எதுக்குங்க? ப்ளேயரும் கோப்பும் சேர்ந்து இறங்குறதுக்குள்ள அடுத்த ஆளோட பாலையே ஊத்தியிருப்பாங்க.

24க்கு 24 எஸ்விஜி. உள்ள ஒரு பாலிலைன், புள்ளிகள் 5,13 9,17 19,7. நிரப்பு இல்ல, கோடு அகலம் 2, முனை உருண்டை. பாத்லெங்த் 1னு குடுத்துட்டா கோட்டோட நெசமான நீளத்தை அளக்க வேண்டியதில்ல. டேஷ்அரே 1, டேஷ்ஆஃப்செட் 1ல இருந்து 0க்கு 300 மில்லிசெகண்ட்ல. எமோஷன்ல (எம்யூஐ பயன்படுத்தற ஸ்டைல் நூலகம்) இருந்து கீஃப்ரேம்ஸ் எடுத்து எஸ்எக்ஸ்ல சேர்த்தா முடிஞ்சுது. ஒரு கேபி கூட ஆகாது. உருண்டை முனையால சில உலாவியில தொடக்கத்துல ஒரு புள்ளி எட்டிப் பாக்கும். ஒளிபுகாமையையும் 0ல இருந்து கொண்டு வந்தீங்கன்னா மறைஞ்சிரும்.

எம்யூஐ ஐகான்ல இருக்கற டிக்கை எடுத்து இதே வித்தையைப் போடலாம்னு பாக்காதீங்க. அந்த ஐகான் எல்லாம் கோடு இல்ல, நிரப்பின வடிவம். டேஷ் வேலையே செய்யாது.

நிறமும் கர்ரன்ட்கலர். தீம் கேள்வியும் அதோட தீர்ந்துச்சு.

8. நகரித்தறி

டிக் விஷயத்துல ஒத்துக்கறேன், கோபாலபுரம் சொல்றதுதான் சரி. சேமிச்சது தெரியணும், அவ்வளவுதான். அது உடனே தெரியணும். சேமிக்கும்போது பொத்தானுக்கு எம்யூஐ 6.4ல இருந்து 'லோடிங்' பண்பே இருக்கு, அதுக்குத் தனிப்படம் வேணாம்.

ஆனா வெற்றுத்திரைப் படத்தையும் கையால எழுதுன்னு சொன்னா ஒத்துக்க மாட்டேன். கேன், மாடு, கை, மூணும் வேற வேற வேகத்துல அசையுது. வடிவமைப்பாளர் ஓணத்துக்கு ஒண்ணு, பொங்கலுக்கு ஒண்ணுன்னு மாத்தினா கோப்பை மாத்தி வெச்சாப் போதும், நிரல்ல கை வெக்க வேண்டாம். லாட்டியோட பலமே அங்கதான்.

நிறம். எஸ்விஜி ரெண்டரர் நிறத்தைப் பாதையில 'ஃபில்' பண்புக்கூறா எழுதும், ஸ்டைலா எழுதாது. பண்புக்கூறை எந்த சிஎஸ்எஸ் விதியும் ஜெயிச்சுடும், இம்பார்ட்டன்ட் தேவையில்ல. ஆஃப்டர் எஃபெக்ட்ஸ்ல லேயர் பேருக்கு முன்னாடி ஒரு புள்ளி வெச்சு '.ப்ரைமரி'ன்னு ஆங்கில எழுத்துல பேர் குடுக்கச் சொல்லுங்க. ஏத்துமதியில அது அந்த லேயர் குழுவோட கிளாஸா வரும். மூலக்கோப்பு கையில இல்லன்னா ஜேசன்லயே அந்த லேயருக்கு சி-எல்னு ஒரு சாவி சேர்த்து கிளாஸ் பேரை எழுதினாலும் போதும். அங்க புள்ளி வேண்டாம். அப்புறம் வெளி பாக்ஸோட எஸ்எக்ஸ்ல, அந்த கிளாஸுக்குள்ள இருக்கற பாத்துக்கு ஃபில் = தீம் பேலட் ப்ரைமரி மெயின். தீம் மாறினா சிஎஸ்எஸ் மாறும், ப்ளேயரை மறுபடி ஏத்தத் தேவையில்ல, படம் ஓடற ஓட்டத்துல நிறம் மாறும்.

மூணு கவனம். கோடு லேயருக்கும் நிரப்பு லேயருக்கும் வேற கிளாஸ் வைங்க. எல்லாப் பாதைக்கும் ஸ்ட்ரோக் எழுதினா நிரப்பின உருவத்துக்கும் கரை முளைக்கும். கிரேடியன்ட்டை இப்படி மாத்த முடியாது. படத்துக்குள்ளயே நிறம் ஓட ஓட மாறிக்கிட்டு வந்தா, சிஎஸ்எஸ் அதை அடிச்சிட்டு ஒரே நிறமாக்கிடும்.

ஜேசன்ல நேரா நிறம் மாத்தறவங்களுக்கு: அங்க எண் 0ல இருந்து 1 வரை. எம்யூஐ இயல்பு நீலம் 25, 118, 210. 255ஆல வகுத்தா 0.098, 0.463, 0.824. 25ன்னே எழுதினா நிறம் தப்பாத்தான் வரும்.

9. மீன்கரை

டிக்குல இருந்து லாட்டியை நீக்கியாச்சுங்க, பாலிலைனே போதும். வெற்றுத்திரைக்கு நிறம் நல்லா மாறுது. ஒத்திசைவுப் படத்துல பிஎன்ஜி இருந்ததும் உண்மைதான், மாத்தித் தரச் சொல்லியாச்சு.

அதுல ஒரு சந்தேகம். ஒத்திசைவு நடக்கும்போது சுத்தணும், முடிஞ்சதும் அதே படம் கதவு சாத்துற மாதிரி ஒரு முடிவோட நிக்கணும். ஒரே கோப்புல ஆகுமுங்களா?

10. ஆரியங்காவு

ஆகும். கோப்ப ரெண்டு துண்டா வரயச் சொல்லுங்க, 0ல இருந்து 60 சுத்து, 60ல இருந்து 90 முடிவு. ஏத்துனதும் ப்ளேசெக்மென்ட்ஸ் 0, 60, லூப் உண்மை. வேலை முடிஞ்ச சேதி வந்ததும் அனிமேஷனோட லூப்பப் பொய்யாக்கிட்டு ப்ளேசெக்மென்ட்ஸ் 60, 90. அந்த 60, 90 ஜோடிக்குப் பொறவு குடுக்க ரெண்டாவது மதிப்பு உண்மைன்னா இருக்க இடத்த விட்டு உடனே தாவும், பொய்யின்னா நடப்புச் சுத்து முடிஞ்ச பொறவு போகும். இங்க பொய்தான் அழகு.

'கம்ப்ளீட்' நிகழ்வு முடிவில்லாம சுத்துற லூப்ல வராது. சுத்துக்கு ஒண்ணு வேணும்னா 'லூப்கம்ப்ளீட்'.

அசைவு வேண்டாம்னு போன்ல அமைச்சு வச்சிருக்கவங்களுக்கு எம்யூஐ யூஸ்மீடியாக்வெரியில 'ப்ரிஃபர்ஸ்-ரெட்யூஸ்ட்-மோஷன்' கேளுங்க. உண்மைன்னா ஆட்டோப்ளே வேண்டாம். 'டாம்லோடட்' நிகழ்வு வந்ததும் கோடூஅண்ட்ஸ்டாப் போட்டு, மொத்த ஃபிரேம்ல ஒண்ணு கழிச்ச ஃபிரேம்ல நிறுத்துங்க. ரெண்டாவது மதிப்பா உண்மை குடுக்கணும். குடுக்கலைன்னா அந்த எண்ண மில்லிசெகண்டா எடுத்துக்கிட்டு தொடக்கத்துலயே எங்கயாவது நிக்கும். இப்படி நிறுத்துனா 'கம்ப்ளீட்' வராது பாத்துக்கிடுங்க. அது வந்தாத்தான் டயலாக் மூடும்னு எழுதியிருந்தா, இவங்களுக்கு மட்டும் டயலாக் மூடவே செய்யாது. அந்த வழியில 'முடிந்ததும்' ஃபங்ஷன நீங்களே கூப்பிடணும்.

அஞ்சு நொடிக்கு மேல தானா ஓடிக்கிட்டே, பக்கத்துல வேற உள்ளடக்கமும் இருந்தா நிறுத்த வழி குடுக்கணும்னு டபிள்யூசிஏஜி (வலை அணுகல் விதிகள்) 2.2.2 சொல்லுது. வெற்றுத்திரைப் படத்த மூணு சுத்தோட நிறுத்திருங்க. லூப்புக்கு உண்மைக்குப் பதிலா எண்ணும் குடுக்கலாம். அலங்காரப் படத்துக்கு ஏரியா-ஹிடன், சேதி சொல்லுற படத்துக்கு ரோல் இமேஜும் ஏரியா-லேபிளும்.

11. குமுளி_ஏலம்

பக்கத்தைக் கீழ தள்ளினதும் கண்ணுக்குத் தெரியாத படமும் ஓடிக்கிட்டேதான் இருக்கும். உலாவித் தாவல் மாறினா தானா நிக்கும், ஸ்க்ரோலுக்கு நிக்காது. இன்டர்செக்ஷன்அப்சர்வர் வெச்சு வெளிய போனா பாஸ், உள்ள வந்தா ப்ளே. கிளீனப்ல டிஸ்கனெக்டும் சேருங்க.

12. நகரித்தறி

சர்வர்ல ஏத்தும்போது மாட்டற இடங்கள், வரிசை பாக்காம எழுதறேன்.

என்ஜின்எக்ஸ்ல ஜிசிப்னு ஆன் போட்டா மட்டும் ஜேசன் சுருங்காது. இயல்பா ஹெச்டிஎம்எல்லை மட்டும்தான் சுருக்கும். ஜிசிப்_டைப்ஸ்ல அப்ளிகேஷன்/ஜேசனைச் சேருங்க. லாட்டி ஜேசன்ல ஒரே சாவிகள் திரும்பத் திரும்ப வர்றதால நல்லா சுருங்கும். டாட்லாட்டி கோப்பு ஏற்கெனவே சிப், அதை மறுபடி சுருக்கிப் பலனில்ல. ஐஐஎஸ் சர்வர்னா அந்த நீட்சிக்கு மைம் வகை பதிவு பண்ணலன்னா 404தான்.

செயலி துணைப்பாதையில ஓடுதுன்னா 'வீட்' கருவியில 'பேஸ்' பாதை அமைச்சிருப்பீங்க. பாத்ல சாய்கோட்டுல ஆரம்பிக்கற முகவரி எழுதினா அது வேர்ல போய்த் தேடும். அங்க கோப்பு இல்ல, சர்வர் 404 தராம இன்டெக்ஸ் பக்கத்தை 200ன்னு தரும். ப்ளேயர் ஹெச்டிஎம்எல்லை ஜேசன்னு படிக்கப் பாத்து தோத்துடும், திரையில வெறும் பாக்ஸ். கோப்பு வந்து சேராத நேரத்துக்கு 'டேட்டா_ஃபெயில்ட்' நிகழ்வைக் கேட்டு, வந்தா நிலையான எஸ்விஜி ஒண்ணைக் காட்டுங்க. நெட் விட்டு விட்டு வர்ற ஊர்ல இது விருப்பமில்ல, கட்டாயம்.

பப்ளிக் கோப்புறையில வெச்ச கோப்புக்கு ஹாஷ் பேர் வராது, படத்தை மாத்தினாலும் போன்ல பழசே நிக்கும். மூலத்துக்குள்ள வெச்சு, இம்போர்ட் வரியில பேர் முடிவுல கேள்விக்குறி போட்டு யூஆர்எல்னு சேர்த்தா வீட் ஹாஷ் போட்ட முகவரி தரும். 4096 பைட்டுக்குக் கீழ இருக்கறதை மட்டும் டேட்டா முகவரியா உள்ளயே பதிச்சிடும்; சிஎஸ்பியில கனெக்ட் விதி இறுக்கமா இருந்தா அது அடைபடும்.

பிடபிள்யூஏ (நெட் இல்லாமலும் செயலியை ஓட வைக்கற) செருகி போட்டிருக்கீங்களா? அதோட இயல்புப் பட்டியல் ஜேஎஸ், சிஎஸ்எஸ், ஹெச்டிஎம்எல் மட்டும். ஜேசனைக் குளோப் பட்டியல்ல சேர்க்கலன்னா நெட் இல்லாத நேரத்துல படம் வராது. நெட் இல்லாத நேரத்துலதான் உங்க ஒத்திசைவுப் படம் வேலைக்கு வரும்.

சோதனையில வைடெஸ்டோ ஜெஸ்டோ, அதுங்க ஓடற ஜேஎஸ்டாம்ல (போலி உலாவி) கேன்வாஸ் கிடையாது. லாட்டி-வெப் இம்போர்ட் ஆகும்போதே கேன்வாஸைத் தொட்டுப் பாக்கும், 'ஃபில்ஸ்டைல்'னு பிழை கத்தும். லாட்டி நூலகத்தை மாக் பண்ணிடுங்க (போலி ஒண்ணை வெச்சிடுங்க). லோட்அனிமேஷன் திருப்பித் தர்ற பொருள்ல டெஸ்ட்ராய், ஆட்ஈவன்ட்லிசனர், கோடூஅண்ட்ஸ்டாப் மாதிரி நீங்க கூப்பிடறதுங்க இருந்தா போதும்.

13. மீன்கரை

கட்டாயம் சேர்க்கறேனுங்க. கடைசியா ஒண்ணு. பட்டுவாடாப் பகுதி தனி பண்டில், வேற ஆள் எழுதினது. அதுலயும் ஒரு லாட்டி இருக்குது. ரெண்டும் ஒரே பக்கத்துல வந்தா, அவங்க டயலாக்கை மூடினதும் நம்ம வெற்றுத்திரை மாடு காணாமப் போகுதுங்க. கேனும் கையும் அப்படியே இருக்குது, மாடு மட்டும் இல்ல.

14. நகரித்தறி

மாட்டுக்கு மாஸ்க்கோ கிரேடியன்ட்டோ இருக்கும், பாருங்க. லாட்டி-வெப் அதுங்களுக்கு ஐடி குடுக்கும்போது ஒரே முன்னொட்டோட 1, 2, 3ன்னு எண்ணிட்டுப் போகும். ரெண்டு பண்டில்ல ரெண்டு பிரதி இருந்தா ரெண்டும் 1ல இருந்து எண்ணும், ஒரே ஐடி ரெண்டு இடத்துல வரும். உலாவி டாம்ல முதல்ல இருக்கறதை எடுத்துக்கும். அந்த முதல் எஸ்விஜி மறைச்சு வெச்ச இடத்துல இருந்தா உங்க மாடும் அதோட போச்சு. அவங்க டயலாக் கீப்மவுன்டட்ல இருக்கா, மூடினாலும் டாம்லயே தங்குதான்னு பாருங்க.

உங்க பக்கத்துல லோட்அனிமேஷனுக்கு முன்னாடி செட்ஐடிப்ரிஃபிக்ஸ் கூப்பிட்டு 'பால்_'னு ஆங்கில எழுத்துல ஒரு முன்னொட்டு குடுங்க. ரெண்டு பண்டிலும் ஒரே பிரதியைப் பகிர்ந்துக்கற மாதிரி அமைக்க முடிஞ்சா இன்னும் நல்லது, ஒரு ப்ளேயர் எடையும் மிச்சம்.

15. மீன்கரை

முன்னொட்டு குடுத்ததும் மாடு நிக்குதுங்க. அவங்க டயலாக்ல கீப்மவுன்டட் இருக்குது, எடுக்கச் சொல்லி எழுதியாச்சு. ஒத்திசைவுப் படம் புதுசு வந்துருச்சு, பிஎன்ஜி இல்லாம 41 கேபி.